நம்பிக் கிடக்கிறவர்களைக் காப்பது எப்படி: திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் இப்படிச் சில வீடுகள் இருக்கும். பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ துபாயிலோ இருப்பார்கள். வீட்டில் ஆச்சி மட்டும், துணைக்கு ஏஜென்சி அனுப்பிய ஒரு ஹோம் நர்ஸ். இன்னொரு வீட்டில் மனவளர்ச்சி குன்றிய முப்பது வயது மகனை, தாய் போன பிறகு சித்தப்பா வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். வேறொரு வீட்டில் மனநோய் வந்த தங்கச்சி பின்கட்டு அறையில் இருப்பாள். இவர்களுக்குச் சாப்பிட, குளிக்க, மாத்திரை போட, பணம் எடுக்க இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கையே அடித்தால், திருடினால், பட்டினி போட்டால் என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

"நம்ம குடும்பத்தில் அதெல்லாம் நடக்காது" என்று சொல்லாதவர்கள் இல்லை. 60 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடி உதை மட்டும் கொடுமை இல்லை. ஏசுவது, பயமுறுத்துவது, பென்ஷனைப் பிடுங்குவது, நனைந்த துணியை மாற்றாமல் விடுவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது, தொந்தரவு தராமல் கிடக்கட்டும் என்று தூக்க மாத்திரை கொடுப்பது எல்லாமே கொடுமைதான். மூக்குக் கண்ணாடியையும் ஊன்றுகோலையும் எட்டாத இடத்தில் வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் கையில் என்னென்ன இருக்கிறது?

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். சாப்பாடு யார் போடுகிறார்? மாத்திரை யார் கொடுக்கிறார்? ஏ.டி.எம். கார்டும் அதன் ரகசிய எண்ணும் யாரிடம்? போன் யார் கையில்? வாசல் சாவி யாரிடம்? எல்லாக் கேள்விக்கும் ஒரே பேர் வந்தால் கவனம் வேண்டும். அந்த ஆள் கெட்டவர் என்று அர்த்தம் இல்லை. அவர் என்ன செய்தாலும் வெளியே தெரிய வழியில்லை என்று அர்த்தம். நான் பார்த்தவரை, கொடுமை நீண்ட நாள் மறைந்தே நடந்த வீடுகளில் எல்லாம் இப்படித்தான் மொத்தமும் ஒருவர் கையில் இருந்தது.

ஆகவே முதல் வேலை இதைப் பிரிப்பது. பராமரிக்கிறவர் ஒருவர், பணம் பார்ப்பவர் வேறொருவர். முதியோர் உதவித்தொகை சிறிய தொகைதான் என்றாலும், எடுத்த அன்றே முதியவர் கையில் பணம் வந்ததா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். வங்கிக் கணக்கில் வரும் எஸ்.எம்.எஸ். வெளியூர்ப் பிள்ளையின் எண்ணுக்குப் போகட்டும். வாரம் ஒரு நாளாவது உறவிலோ தெருவிலோ ஒருவர் உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். வாசலில் நின்று "நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுப் போவது கணக்கில் வராது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துவிட்டால், மருந்து வருகிற சாக்கில் வீட்டுக்குள் வெளியாள் கண்ணும் படும்.

உடம்பும் வீடும் சொல்வது

கீழே விழுந்தவருக்கு முழங்கால், முழங்கை, நெற்றி, உள்ளங்கையில் அடிபடும். மேல்கையின் உள்பக்கம், இரண்டு மணிக்கட்டைச் சுற்றி, காதுக்குப் பின்னால், தொடையின் உள்பக்கம் கன்றியிருந்தால் அது விழுந்த அடியா என்று யோசிக்க வேண்டும். அவசரப்பட்டும் முடிவு செய்யக்கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுகிறவர்களுக்கு லேசாகப் பிடித்தாலே கன்றிவிடும். கன்றலின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று சொல்வதும் நம்பகமானது இல்லை. எங்கே இருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு வேறு கதை சொல்கிறார்களா, இவைதான் முக்கியம்.

படுத்த படுக்கையாக இருப்பவரின் இடுப்பு எலும்பு, பிட்டம், குதிகால் ஆகியவற்றைப் போகும்போதெல்லாம் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நல்ல பராமரிப்பிலும் படுக்கைப்புண் வரலாம்; ஆனால் புண் ஆழமாகிச் சீழ் வைத்து நாற்றம் எடுக்கும் வரை யாரும் டாக்டரிடம் காட்டவில்லை என்றால் அது புறக்கணிப்பு. வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, ஜாக்கெட் தொளதொளக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை அட்டையை எண்ணுங்கள். 10 நாளில் 10 காலியாக வேண்டிய இடத்தில் ஆறுதான் காலி என்றால் மருந்து கொடுக்கவில்லை. பதினைந்து என்றால் அதைவிட மோசம். டாக்டர் சீட்டில் இல்லாத மாத்திரை அட்டை கிடந்தால் போட்டோ எடுத்து மருந்துக் கடையில் விசாரியுங்கள்.

வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிற தாத்தா, குறிப்பிட்ட ஒருவர் வந்து நின்றதும் மட்டும் வாயை மூடிக்கொண்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பேசுவது

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதிகப் பலன் தருவதும் இதுதான். பராமரிக்கிறவர் காதில் விழும் தூரத்தில் கேட்டால் "எனக்கென்ன, ராஜா மாதிரி பாத்துக்கிடுதாவ" என்றுதான் பதில் வரும். அவரைக் கடைக்கு அனுப்புங்கள், அல்லது ஆச்சியைக் கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். "உங்களை அடிக்காங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அன்றாட விஷயத்திலிருந்து தொடங்குங்கள்.

"ஆச்சி, ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

"யாரையும் கூப்பிட மாட்டேன். அடக்கிக்கிட்டுக் கிடப்பேன்."

"ஏன் ஆச்சி?"

"கூப்பிட்டா ஏசுதா. அதான் பொழுது சாஞ்சா தண்ணியே குடிக்கது இல்ல."

இவ்வளவு போதும், நிறையத் தெரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்காததால் சிறுநீர்த் தொற்று வரலாம். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்னாலேயே புத்தி தடுமாறலாம், சம்பந்தமில்லாமல் பேசலாம். உடனே வீட்டில் "அவங்களுக்கு மறதி வந்துட்டு, சொல்றதை நம்பாதீங்க" என்பார்கள். மறதி நோய் உள்ளவர் சொல்வதில் நாள், ஆள் மாறலாம். பயம் பொய்யாக இருக்காது. தொற்றுக்குப் பரிசோதனை செய்யுங்கள், சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று கேட்டால் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன். ஆனா ஆபத்துன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லலாம். என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகனை ஜெயிலில் போடச் சொல்லவில்லை. ஏச்சு நின்றால் போதும், கார்டு திரும்பி வந்தால் போதும் என்பார்கள். சுயபுத்தியோடு இருக்கிறவர் எடுக்கும் முடிவை நாம் மாற்றி எழுதக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. விடியுமுன் எழுந்து மலம் வாரி, பீடிக்கட்டும் சுற்றி, பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்புகிற மருமகள் ஒரு நாள் கையை ஓங்கினால், அவளுக்கு முதலில் தேவை ஓய்வு. நாத்தனார்கள் மாதம் பத்து நாள் அம்மாவை வைத்துக்கொண்டால் பல வீடுகளில் புகார் மனுவே தேவைப்படாது. தூரத்தில் இருந்துகொண்டு போனில் அதட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும். ஆனால் திட்டம் போட்டுச் செய்கிற கொடுமைக்குக் களைப்பைச் சாக்குச் சொல்ல விடக்கூடாது.

ஆபத்து இப்போதே என்றால்

ரத்தம், எலும்பு முறிவு, மயக்கம், பட்டினி, பாலியல் கொடுமை, உயிர்ப் பயம் என்றால் ஆலோசனை கூட்டாதீர்கள். ஆம்புலன்சுக்கு 108, காவல்துறைக்கு 100 அல்லது 112. ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள தாலுகா ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோனதும் காயம் எப்படி வந்தது என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று எழுதவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. விபத்துப் பதிவேட்டில் ஏறியதா என்று கேட்டு, அந்தப் பதிவின் நகலுக்கு (ஏ.ஆர். காப்பி) வழி பாருங்கள்.

பாலியல் கொடுமை என்றால் குளிப்பாட்ட வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். கழற்றிய துணியைக் காகிதப் பையில் வையுங்கள். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும், காவல்துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால் போலீசார் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து, மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பு ஆசிரியரையோ வைத்து, வீடியோ எடுத்து வாக்குமூலம் பதிய வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. காது கேளாத பெண்ணை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து "என்னம்மா நடந்தது?" என்று கத்திக் கேட்பதெல்லாம் சட்டப்படி இல்லை. பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டிய காது கேளாதோர் பள்ளி இருக்கிறது; சைகை மொழி தெரிந்தவர்கள் நம் ஊரில் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தென்மாவட்டங்களில் சில கிராமங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று இருக்கிறது. கிடையில் கிடப்பவரை "அனுப்பி வைப்பது" என்று அதை வழக்கம் போலப் பேசுவார்கள். சட்டத்தில் அது கொலை. நாள் குறித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் உடனே 100க்குக் கூப்பிடுங்கள்.

எழுதி வைப்பது

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும். தேதி, நேரம், பார்த்தது, அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே. "மருமகள் கொடுமைக்காரி" என்று எழுதினால் பயன் இல்லை. "செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணி. காலை இட்லி தட்டிலேயே காய்ந்திருந்தது, தட்டு ஜன்னல் மேல், அவருக்குக் கை எட்டாது" என்று எழுதினால் அதிகாரிக்குப் புரியும். காயத்தை அவர் சம்மதத்தோடு போட்டோ எடுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வாங்கி, சந்தேகமான இடங்களில் கோடு போடுங்கள். நேராகப் போய்ச் சண்டை போட்டால், நீங்கள் போன பிறகு அடி வாங்குவது கட்டிலில் கிடப்பவர்தான். அதோடு வீட்டுக்குள் போகும் வழியும் அடைபட்டுவிடும்.

எந்த அலுவலகத்துக்குப் போவது

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், 60 வயது தாண்டியவர்களுக்கு 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், கட்டணம் இல்லை. பெண்கள் என்றால் 181. இலவச வக்கீல் உதவிக்கு 15100. மனநல ஆலோசனைக்கு 14416.

பிள்ளைகள் கவனிக்கவில்லை, விரட்டிவிட்டார்கள் என்றால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். மனுவை வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என இரண்டு கோட்டங்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்குச் சேரன்மகாதேவி. 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தில் தென்காசியும் சங்கரன்கோவிலும். மகன் சென்னையில் இருந்தாலும் பெற்றோர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். அலைய வேண்டியது மகன்தான். வெளிநாட்டில் இருந்தாலும் சம்மன் அனுப்ப வழி உண்டு. பேரன், பேத்தி மேலும் கேட்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரப்போகிற உறவினர் மேல் கேட்கலாம். நடக்க முடியாதவர் சார்பில் அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ அமைப்போ மனு போடலாம், தீர்ப்பாயமே முன்வந்தும் எடுக்கலாம். இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. அதனால் முதியவர் தன் பேச்சிலேயே பேசலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கலாம். நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். வழக்கு முடியும் வரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். இதைக் கேட்கப் பலருக்குத் தோன்றுவதில்லை, மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெற்றவர்களை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் விட்டுப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மாற்றுத்திறனாளி என்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. கொடுமை நடந்தது, அல்லது நடக்கப் போகிறது என்று தெரிந்த யாரும் நிர்வாக நடுவரிடம், அதாவது தாசில்தார் அல்லது கோட்டாட்சியரிடம் தகவல் கொடுக்கலாம். உறவாக இருக்க வேண்டியதில்லை. பொறுப்பில் இருக்கிறவர் தெரிந்தே சோறு, தண்ணீர் கொடுக்காமல் விட்டால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மனநோய் உள்ளவரைக் கவனிக்காமலோ கொடுமைப்படுத்தியோ வைத்திருந்தால், தெரிந்தவர் எவரும் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், நிலைய அதிகாரி அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

எங்கே கொடுத்தாலும் வாங்கியதற்கு அத்தாட்சி வாங்குங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது, அலுவலகத்தில் சீல் போட்ட நகல். ஸ்டேஷனில் "குடும்பத் தகராறு, பேசித் தீத்துக்கோங்க" என்று அனுப்பினால், திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவைப் பதியுங்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன்

கொடுமை தொடங்கும் நாள் பல வீடுகளில் பத்திரம் பதிந்த மறுநாள்தான். "கடைசி வரைக்கும் பாத்துக்கிடுதேன்" என்று வாயால் சொல்லி, வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதி வாங்கிவிட்டு, அப்பாவை வீட்டின் முன்பகுதித் தார்சாவுக்கு மாற்றிவிடுவார்கள். 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவில் அத்தகைய பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் சொத்துக் கொடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோரைக் காக்கும் நோக்கத்தோடு இந்தச் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நீதிமன்றம் எப்படிப் பார்க்குமோ என்று காத்திருப்பதைவிடப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்: சாப்பாடு, மருத்துவம், குடியிருக்க இடம் தர வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து, ஆயுள் வரை அனுபவ உரிமை எனக்கு. என் கட்சி இதைவிட எளிது. உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும் வரை வீடு உங்கள் பேரில் இருக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

ஹோம் நர்ஸ் வைக்கும்போது

பேர்தான் நர்ஸ், பலருக்குப் படிப்போ பதிவோ கிடையாது. வேலை தெரிந்த நல்ல பெண்கள் இவர்களில் நிறைய உண்டு, ஆனால் ஊசி, குழாய் மாற்றுவது எல்லாம் படித்த செவிலியர் வேலை. ஆதார் நகல் வாங்குங்கள், முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு நீங்களே போன் போட்டு ஏன் நின்றார் என்று கேளுங்கள், காவல்துறைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். முதல் வாரம் குடும்பத்து ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவருக்கும் வார விடுமுறை, நேரத்துக்குச் சாப்பாடு, படுக்க இடம் கொடுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் ஒரே ஆளை விழித்திருக்கச் சொல்லிவிட்டு அன்பையும் எதிர்பார்க்க முடியாது.

கேமரா வைக்கலாம், சொல்லிவிட்டு வையுங்கள், குளிக்கும் உடைமாற்றும் இடத்தில் வேண்டாம். அதைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். அடித்தால் கேமராவில் தெரியும், பசி தெரியாது.

காப்பகத்தில் சேர்க்கும்போது

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்று சங்கிலி போடுவதே சட்டப்படி குற்றம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் அனுமதி இல்லாமல் நடந்த ஒரு காப்பகத்தின் மேல் கொடுமைப் புகார்கள் வெளிவந்தன. அங்கே சேர்த்த ஒருவரைக் காணாமல் உறவினர் தரப்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அந்த இடமே வெளிச்சத்துக்கு வந்தது.

எனவே முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகம், மாற்றுத்திறனாளிகள் இல்லம் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மனநோயாளிகள் இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு. சான்றிதழ் இருந்தாலும், சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம் போங்கள். வரவேற்பு அறையைப் பார்க்க வேண்டாம், அடுப்படியையும் கக்கூசையும் பாருங்கள். உள்ளே இருப்பவர்களிடம் தனியாகப் பேச விடுகிறார்களா? எல்லார் தலையையும் ஒட்ட வெட்டியிருக்கிறார்களா? பகல் பதினொரு மணிக்கு எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தால் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். ஏ.டி.எம். கார்டையும் வெற்றுத் தாளில் கையெழுத்தையும் கேட்கிற இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.

ஆஸ்பத்திரி வார்டிலும் கை காலைக் கட்டிப்போட்டிருந்தால் யார் உத்தரவு, எவ்வளவு நேரத்துக்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். மனநல மருத்துவமனை என்றால் ஏன் கட்டினார்கள் என்பது பதிவில் இருக்க வேண்டும், நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குழாய் செருகவும் துணி மாற்றவும் திரை போடச் சொல்வது நோயாளியின் உரிமை. முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

மனு கொடுத்த பிறகு

விசாரணைக்கு முதல் நாள் வீட்டில் எல்லாரும் ஒரேயடியாக அன்பாகிவிடுவார்கள். அல்வா வரும், பேரப்பிள்ளை மடியில் உட்காருவான். "பெத்த புள்ள மேல கேஸா?" என்று ஆச்சியும் வாபஸ் வாங்கப் பார்ப்பார். வாங்குவது அவர் உரிமை. ஆனால் யார் பேசி, எதைக் கொடுத்து வாங்க வைத்தார்கள் என்று தனியாகக் கேளுங்கள். சமரசம் என்றால் தீர்ப்பாயத்தின் சமரச அலுவலர் முன்னால் எழுத்தில் நடக்கட்டும். அந்த இடைப்பட்ட நாட்களில் அவர் எங்கே தங்குகிறார், யார் சமைக்கிறார் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்; பழிவாங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

உத்தரவு பிடிக்காவிட்டால் முதியவர் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு வந்தும் பிள்ளை பணம் தரவில்லையா? அதே தீர்ப்பாயத்தில் மனு போட்டால் தொகையை வசூலிக்க வாரண்ட் போடுவார்கள். அப்படியும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை, அதற்குள் கட்டிவிட்டால் கட்டும் வரை, சிறை. இந்த மனுவை, தொகை தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். "அடுத்த மாசம் தந்திருவான்" என்று தள்ளிப்போட்டுப் பழைய பாக்கியை இழந்தவர்கள் நிறைய. முதல் மாதம் பணம் வராதபோதே நோட்டில் தேதியைக் குறித்து, மனுவையும் எழுதிவிடுங்கள்.